நாடாவுக்கு இந்தப் பக்கம்

முதல் வருடம் கம்பெனி என்பது
என் கோட்டுப் பையில் கிடந்த ஒரு போன்.
திபிலீசியில் எந்த அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றாலும்
அது என் இடுப்பருகே துடிக்கும்.
பதினாறு மாடி, இருட்டுப் படி, பல்லிடுக்கில் டார்ச்.
குராம் மேலே மோட்டார் அறையில்,
நான் கீழே குழியில்.
"இப்போ?" என்பான்.
"இல்லை" என்பேன்.
"இப்போ?"
அவ்வளவுதான் எங்கள் நிர்வாகக் கூட்டம்.

காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட் எங்கள் ஊரில்.
சனிக்கிழமை பெட்டிகளைத் திறந்து
சமையல் மேசையில் கொட்டி எண்ணுவோம்.
பத்து தெத்ரி, இருபது தெத்ரி,
நடுவே ஒரு சட்டைப் பொத்தான்.
போட்டது யாரென்றும் எனக்குத் தெரியும்.
கேட்டதில்லை.

நாற்பது லிஃப்ட் வரை
எல்லாம் என் தலைக்குள் இருந்தது:
எந்தக் கதவு குளிரில் முரண்டு பிடிக்கும்,
எந்த வடம் முனகும்,
எந்த வீட்டில் காபி கிடைக்கும்.
தொண்ணூறு ஆனபோது தலை ஒழுகத் தொடங்கியது.
வார்கெதிலியின் ஏழாம் கட்டடம் என்று சொன்னார்கள்,
நான் க்ல்தானியின் ஏழாம் கட்டடத்துக்குப் போனேன்.
ஒரு கர்ப்பிணி மூன்று மணி நேரம் உள்ளே நின்றாள்.
வெளியே வந்தவள் என்னைத் திட்டவில்லை.
படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்,
வீங்கிய பாதத்தைப் பார்த்தாள்.

அந்த வாரமே ஏதேரியை வேலைக்கு எடுத்தேன்.
ரயில்வேயில் கால அட்டவணை போட்டவள்.
லிஃப்ட் என்றால் பயம், இன்றைக்கும் படியில்தான் வருவாள்.
படிவம் கொண்டுவந்தாள், முறைவேலை கொண்டுவந்தாள்,
சிவப்பு வெள்ளை நாடா ஒரு பெட்டி வாங்கினாள்,
விதிகள் என்று பதினேழு பக்கம் நீட்டினாள்.
பாதி படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

குராமுக்கு எழுதத் தெரியாமல் இல்லை.
"மோட்டார் பேசுவது காதில் விழுகிறது,
அதை எதற்குத் தாளிடம் சொல்ல வேண்டும்?" என்றான்.
அவனுக்காக ஒரு மாதம் விதியை வளைத்தேன்.
மற்ற பதினொரு பேரும்
அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
இப்போது ஆற்றுக்கு அக்கரையில்
சொந்தமாக இருபது லிஃப்ட் வைத்திருக்கிறான்.
நன்றாக ஓடுகின்றன.
என் பிறந்தநாளுக்குப் போன் செய்வதில்லை.

இன்று அறுநூற்று நாற்பது லிஃப்ட்.
எனக்கு ஓர் அறை, ஒரு சுழல் நாற்காலி.
காலையில் வங்கிக்காரர்கள்.
மதியம், ஒரே வேனுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேர்.
பேச்சுதான் வேலை. கேட்பது அதைவிடப் பெரிய வேலை.
கையில் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது,
இருந்தும் சாயங்காலம்
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
பழைய போன் அடித்தது. அதை நான் அணைத்ததே இல்லை.
"மாக்வாலா, நீதானே?
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு பையன் மாட்டிக்கொண்டான்."
பையைத் தூக்கினேன், கனம் தோளுக்கு இன்னும் பழக்கம்.
ஏதேரிக்குச் சொல்லவில்லை.

எனக்கு முன்பே அங்கே ஆள் இருந்தது.
ஒன்பதாம் மாடியில் நாடா கட்டியிருந்தது.
வாஜா என்று சட்டையில் பெயர்,
வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கலாம்.
குனிந்து நுழையப் போனேன்.
திரும்பாமலே சொன்னான்:
"அம்மா, நாடாவுக்கு அந்தப் பக்கம்."
நான்காம் விதி.
அடியில் என் கையெழுத்து.

நின்றேன்.
மேலிருந்து ஒரு குரல், "இப்போ?"
"இல்லை" என்றான் வாஜா.
என் உதடும் அதைத்தான் சொன்னது, சத்தமில்லாமல்.

பத்தொன்பது நிமிடம் ஆனது.
நானாக இருந்தால் பன்னிரண்டு.
ஆனால் அதே இரவு
ஊரில் வேறு மூன்று கதவுகள் திறந்தன,
எதுவும் எனக்குத் தெரியாமல்.
பையன் வெளியே வந்து முதலில் கேட்டது, "என் காசு?"
நான் பையைத் துழாவுவதற்குள்
வாஜா தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான்.
அதற்குப் படிவம் இல்லை.

மறுநாள் அறிக்கை என் மேசைக்கு வந்தது.
கடைசி வரி:
வேடிக்கை பார்த்தவர் ஒருவர், வயதான பெண்,
கையில் கருவிப் பை.
சொன்னதும் விலகி நின்றார்.